ஃபூஜேர் கோட்டையின் இரண்டாம் ரவுல்: ஒரு பிரெத்தோன் பிரபுவின் எதிர்ப்பு (1162–1185)

பிரிட்டனியின் கிழக்கு எல்லையில், நார்மண்டியும் மேன் நாடும் நெருங்கிவரும் இடத்தில், நான்சோன் ஆற்றின் வளைவிலுள்ள பாறைமேல் ஃபூஜேர் கோட்டை நிற்கிறது. 12ஆம் நூற்றாண்டில் அதை ஆண்ட இரண்டாம் ரவுலை பிரெத்தோன் விடுதலை வீரராகப் போற்றுவோர் உண்டு. சான்றுகள் காட்டும் ரவுல் அதைவிடச் சிக்கலான மனிதர்.

1156இல் நான்காம் கோனான் பிரிட்டனியின் டியூக் ஆனபோது அவருக்குத் துணை நின்றவர் ரவுல். கோனானின் மாற்றாந்தந்தையும் போட்டியாளருமான போரோவே எவுதோனைச் சிறைபிடித்தவரும் அவரே. ஆனால் கோனானுக்கு வலுவான பின்பலமாக இருந்தவர் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி. அவர் நார்மண்டியின் டியூக்காகவும் இருந்தார். ஃபூஜேர் குடும்பத்துக்கு இங்கிலாந்திலும் நிலங்கள் இருந்ததால், ஹென்றியின் கை ரவுல்மேல் இரு பக்கமும் நீண்டது.

மோதலின் வேர் ஒரு வாரிசுரிமையில் இருந்தது. 1162இல் டோல் பிரபு ஜான் இறக்கும்போது தம் மகளையும் நிலத்தையும் ரவுலின் காவலில் விட்டுச்சென்றார். வாரிசுப் பெண் யார் பொறுப்பில் இருக்கிறாளோ, அவளுடைய திருமணமும் அதன் வழியே நிலமும் அவர் கையில் என்பதே அக்கால வழக்கம். ஹென்றி டோல் கோபுரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். 1164இல் ரவுலின் காவலிலிருந்த காம்பூர் கோட்டையும் பறிபோனது. ரவுலைப் பகைவராக்கியவை இந்த இழப்புகளே என்று கருதுகிறேன். 1166இல் ஹென்றி ஃபூஜேரையே முற்றுகையிட்டு இடித்துத் தரைமட்டமாக்கினார். அதே ஆண்டு கோனான் தம் மகள் கான்ஸ்டன்ஸை ஹென்றியின் மகன் ஜெஃப்ரிக்கு நிச்சயம் செய்துவிட்டு ஆட்சியிலிருந்து விலகினார். தாம் அரியணை ஏற்ற உதவிய டியூக்கே நாட்டைக் கைமாற்றியதை ரவுல் பார்க்க நேர்ந்தது.

1173இல் ஹென்றியின் சொந்த மகன்களே கிளர்ந்தெழுந்தபோது ரவுல் இடிந்த கோட்டையை மீண்டும் எழுப்பத் தொடங்கினார். டோலும் காம்பூரும் மறுபடி அவர் பக்கம் வந்தன. ஆகஸ்ட் 20இல் ஹென்றியின் கூலிப்படையினர் டோல் அருகே கிளர்ச்சியாளரை முறியடித்தனர். ரவுலும் செஸ்டர் பிரபு ஹியூவும் டோல் கோபுரத்துக்குள் அடைபட்டனர். ரூவானிலிருந்த ஹென்றி செய்தி கேட்டதும் இரவு பகல் பாராமல் விரைந்து வந்தார். 26ஆம் தேதி, உயிருக்கும் உடலுக்கும் தீங்கு நேராது என்ற உறுதியின்பேரில் கோபுரம் சரணடைந்தது.

இந்நிகழ்வுகள் பலவற்றை நமக்குச் சொல்பவர் மோன்-சேன்-மிஷேல் மடத்தின் தலைவர் டோரிஞ்ஞி ராபர்ட். அவர் ஹென்றியின் மகள் எலினோருக்கு ஞானத்தந்தை. ரவுலின் செயல்களை வஞ்சகம் என்று அவர் எழுதுவதை அந்த உறவை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும். ரவுலின் தரப்பைச் சொல்ல அவருக்கு ஒரு மடத்துக் குறிப்பாளர் வாய்க்கவில்லை.

தோற்றவர் அழிந்துவிடவில்லை. 1181இல் கான்ஸ்டன்ஸை மணந்த ஜெஃப்ரி, சில ஆண்டுகளில் ரவுலையே பிரிட்டனியின் செனஷலாக, அதாவது தம் முதன்மை நிர்வாகியாக, அமர்த்தினார். உள்ளூர்ப் பிரபுக்களின் ஒத்துழைப்பின்றிப் பிரிட்டனியை ஆள முடியாது என்பதை ஹென்றியைவிட ஜெஃப்ரி நன்றாக உணர்ந்திருந்தார். 1185இல் அவர் பிறப்பித்த வாரிசுச் சட்டம், பெரும் பிரபுக்களின் நிலம் உடன்பிறந்தோரிடையே துண்டாடப்படாமல் மூத்த மகனுக்கே முழுமையாகச் சேர வழிசெய்தது. மேல்நிலைப் பிரபுவான டியூக்குக்கு அதனால் கடமைகளை வசூலிப்பது எளிதாயிற்று. ஃபூஜேர் போன்ற குடும்பங்களுக்கோ கோட்டையும் நிலமும் சிதறாமல் நின்றன. ரவுல் வாளால் காக்க முயன்றதில் பெரும்பங்கு அந்தச் சட்டத்தில் அவருக்குக் கிடைத்தது, டோலையும் காம்பூரையும் தவிர.