ஓராண்டு இடைவெளியும் கையுந்துபந்துத் தகுதியும்

கல்பாக்கம் அணுமின் துறை ஊழியர்களுக்கான நகரியம் அணுபுரம். அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மாமல்லபுரம் கடற்கரையோரச் சேரிகளிலும் வாலிபால் என்றே வழங்கப்படும் கையுந்துபந்து, நம் பிள்ளைகளுக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் விளையாட்டு வீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. பல்கலைக்கழக அணிக்காக ஆடியதற்கான 'படிவம் 3' அதற்குரிய சான்றுகளுள் ஒன்று. ஆகவே, கட்டணம் கட்ட இயலாமலோ தாயின் நோயாலோ ஓராண்டு படிப்பை நிறுத்துவோர் முதலில் அறிய வேண்டியது, அந்தச் சான்றுக்கான வழி அடைபடுமா என்பதே.

இடைவெளி தன்னளவில் தகுதியைப் பறிப்பதில்லை. ஆனால், இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் போட்டிகளில் இரண்டு கணக்குகள் யாருக்காகவும் நிற்பதில்லை. கல்வியாண்டின் ஜூலை 1 அன்று 25 வயது நிறைவடைந்திருக்கக் கூடாது. கல்லூரிச் சேர்க்கைக்குத் தகுதியளித்த தேர்வில், அதாவது பெரும்பாலோர்க்கு மேல்நிலைத் தேர்வில், தேறி எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது.

பதினேழு வயதில் தேறியவருக்கு ஓராண்டு இழப்பு பெரிதன்று. இளநிலை, முதுநிலை இரண்டிலும் ஆடலாம். தாமதமாகப் பள்ளியில் சேர்ந்து, ஒருமுறை தவறி, இருபதில் தேறிய முதல் தலைமுறை மாணவரின் கணக்கு வேறு. இரண்டு ஆண்டுகள் செங்கல் சூளையில் உழைத்து இருபத்திரண்டில் கல்லூரி சேர்கிறார் என்று கொள்வோம். இளநிலையின் மூன்று ஆண்டுகளும் ஆடலாம். இடையில் இன்னும் ஓராண்டு நின்றால், இறுதியாண்டில் வகுப்பில் இருப்பார். அணியில் இருக்க முடியாது. இங்கு ஒரு கொடுமையும் உண்டு: பள்ளியில் சேர்த்த நாளில் தலைமையாசிரியர் குத்துமதிப்பாக எழுதிய பிறந்த தேதியே இக்கணக்கிலும் செல்லும். ஆவணத்தில் பிழை இருப்பின், திருத்தும் முயற்சியைப் போட்டிக்கு முன்பன்று, இன்றே தொடங்க வேண்டும்.

இதனினும் பெரிய பொறி தொலைநிலைக் கல்வி. வேலைக்குச் சென்றபடியே பட்டம் பெறலாம் என்று அதில் சேர்வோர், முழுநேர மாணவராகக் கருதப்படாமல் தகுதியை இழக்கின்றனர். முழுநேரப் பணியில் இருப்போருக்கும் அணியில் இடமில்லை. காகிதத்தில் இவ்விதிகள் அனைவருக்கும் சமம். வருமானமின்றி முழுநேரம் படிக்க முடிந்த குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதே எமது கணிப்பு.

இடைவெளியில் ஊர்க் குழுவிலும் மாவட்டப் போட்டிகளிலும் ஆடலாம். பல்கலைக்கழக அணிக்கு மட்டும் ஆட இயலாது. திரும்பச் சேர்வோர், சேர்க்கை உறுதியான பின்னரே கல்லூரி அணித் தேர்வுக்குச் செல்ல வேண்டும். தற்காலிகச் சேர்க்கை செல்லாது. கட்டண நிலுவையைக் காட்டி மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்தால், அவ்வாறு வைத்திருப்பதைத் தடை செய்யும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிக்கையைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் கேளுங்கள். மனுவின் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையையும் தேதியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.