காற்றாலைப் பின்சுழல்

காற்றாலையின் இறக்கைகளைக் கடந்த காற்று வேகம் இழந்து, கலங்கி, நெடுந்தூரம் வால்போல் நீளும். இதுவே பின்சுழல். அந்த வாலுக்குள் அகப்பட்ட அடுத்த காற்றாலைக்கு மின்னுற்பத்தி குறையும், தேய்மானம் கூடும். இந்தியாவில் இதன் வரலாற்றை அறிய ஆரல்வாய்மொழிக் கணவாயும் அதையடுத்த முப்பந்தலும் மிகப் பொருத்தமான இடங்கள்.

காற்றின் ஆற்றல் முழுவதையும் எந்த எந்திரமும் எடுத்துவிட முடியாது. வந்த காற்று வெளியேற வேண்டும், இல்லையேல் பின்வரும் காற்றுக்கு வழியில்லை. அந்த வரம்பு 59.3 விழுக்காடு என்று 1920இல் ஜெர்மானியர் ஆல்பர்ட் பெட்ஸ் காட்டினார். வெளியேறிய காற்றின் கதியை எளிய கணக்கில் அடக்கியவர் டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்தைச் சேர்ந்த என். ஓ. யென்சன். அவருடைய குறிப்பு வெளிவந்தது 1983இல். அதே ஆண்டில்தான் இந்தியாவின் காற்று அளவீடுகளைத் தொகுத்த நூலை வானிலையியலாளர் அன்னா மணி வெளியிட்டார். காற்று எங்கே வீசுகிறது என்பதை நம் நாடு அன்னா மணியிடமிருந்து உடனே எடுத்துக்கொண்டது. பிடித்த காற்று பின்னால் என்ன ஆகிறது என்ற கேள்விக்கு வெகுகாலம் கழித்தே வந்தது.

1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தமிழகத்தின் முதல் காற்றாலைகள் சுழன்றன. 1990களில் முதலாண்டிலேயே முழுத் தேய்மானக் கழிவு தந்த வருமானவரிச் சலுகை, நூற்பாலைக்காரர்களைக் கணவாய்க்கு அழைத்துவந்தது. 225, 250 கிலோவாட் எந்திரங்கள், சுமார் 30 மீட்டர் உயரக் கோபுரங்கள். நிலம் கிடைத்த இடத்தில் கோபுரம் நின்றது. எந்திரங்களுக்கு இடையே எவ்வளவு வெளி தேவை என்பதைக் காற்றைவிட நிலப் பட்டாவே தீர்மானித்தது என்று சொல்வது மிகையாகாது.

பின்னர் ஒரு விதி வழக்கமானது. இறக்கை வட்டத்தின் விட்டத்தைப் போல் காற்றடிக்கும் திசையில் ஏழு மடங்கும் குறுக்கே ஐந்து மடங்கும் இடைவெளி வேண்டும். 27 மீட்டர் விட்டமுள்ள பழைய எந்திரத்துக்கு அது 189 மீட்டரும் 135 மீட்டரும் ஆகும். இது போதுமா? யென்சனின் கணக்குப்படி, பெட்ஸ் வரம்பில் இயங்கும் எந்திரத்துக்கு நேர் பின்னால் ஏழு விட்டத் தொலைவில் காற்றின் வேகம் இன்னும் 16 விழுக்காடு குறைவாகவே இருக்கும். மின்திறன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. ஆகவே இழப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு. மூன்று விட்டத்துக்கு நெருங்கினால் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும்.

ஆனால் எல்லா நாளும் இப்படியல்ல. ஆடிக் காற்று உச்சத்தில் வீசும்போது முன்வரிசை எந்திரம் தன் முழுத்திறனை எட்டி, எஞ்சியதை விட்டுவிடுகிறது. பின்வரிசையும் ஏறக்குறைய முழுவீச்சில் ஓடும். பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வரும் நடுத்தரக் காற்றில்தான் இழப்பு உறைக்கும். பகல் வெயிலில் தரை சுட்டுக் காற்று மேலும் கீழும் கலப்பதால் பின்சுழல் விரைவில் கரையும். தெளிந்த இரவில் நீண்டு கிடக்கும். இறக்கை வட்டத்தின் பாதி மட்டும் பின்சுழலில் சிக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை ஒருமுறை தளர்ந்து ஒருமுறை அறை வாங்கும். அந்த அறை தண்டு வழியாக பேரிங்கையும் கியர்பாக்ஸையும் சென்றடைகிறது.

இழந்த ஆற்றல் எங்கிருந்து திரும்புகிறது? பக்கங்களிலிருந்து என்று எண்ணத் தோன்றும். 2010இல் காலாஃப், மெனிவோ, மேயர்ஸ் மூவரும் கணினிப் பாவனைகளில் வேறொன்றைக் கண்டனர். பரந்த காற்றாலைப் பண்ணையின் உள்வரிசைகள், மேலே ஓடும் வேகக் காற்று கொந்தளிப்பால் கீழே இறங்குவதைக் கொண்டே வாழ்கின்றன. அப்படியானால் பண்ணைக்கு உணவு தலைக்கு மேலிருந்து வருகிறது. தரையில் விடும் இடைவெளி அதை இறங்கவிடுவதற்கான அவகாசம்.

பழைய எந்திரங்களை அகற்றிப் பெரியவற்றை நிறுவும் திட்டத்துக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. 2016ஆம் ஆண்டின் மத்தியக் கொள்கை, அத்தகைய மாற்றத்துக்கு ஏழு-ஐந்து விதியைத் தளர்த்தியது. இது கவலைக்குரியது. 120 மீட்டர் விட்டமும் 120 மீட்டர் கோபுர உயரமும் கொண்ட எந்திரத்தின் பின்சுழல், யென்சன் கணக்கில் 840 மீட்டர் போவதற்குள் விரிந்து தரையைத் தொட்டுவிடும். இடையில் பழைய 30 மீட்டர் எந்திரங்கள் இருந்தால் அவையும் அகப்படும்.

மாற்று வழியும் உண்டு. முன்னெந்திரத்தைக் காற்றுக்குச் சற்றுக் கோணமாகத் திருப்பினால் பின்சுழல் பக்கவாட்டில் விலகும். முன்னது சிறிது இழக்க, பின்னது அதைவிட அதிகம் பெறும். வடமேற்கு இந்தியாவில் ஒரு பண்ணையில் ஹவ்லண்டும் டாபிரியும் குழுவினரும் செய்த சோதனை 2022இல் வெளியானது. நொடிக்கு 6 முதல் 8 மீட்டர் வேகத்தில் உற்பத்தி சுமார் 3 விழுக்காடு கூடியது. ஒரே பண்ணையாக, ஒரே கட்டுப்பாட்டில் இயங்கியதால் அது எளிதாயிற்று. ஆரல்வாய்மொழியில் முன்னெந்திரம் ஓர் ஆலைக்கும் பின்னெந்திரம் வேறோர் ஆலைக்கும் சொந்தமாக இருக்கலாம். முன்னவரின் இழப்பைப் பின்னவரின் ஆதாயத்திலிருந்து ஈடுகட்டும் மீட்டர் கணக்கு ஏற்பட்டால்தான் இம்முறை கணவாய்க்குள் வரும்.