இருதயம் இளைப்பாறும் கணம்

1971-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதியன்று, லண்டனில் விம்பிள்டன் பகுதியிலிருந்த அட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரியில், காட்ஃப்ரி ஹௌன்ஸ்ஃபீல்டு தாம் அமைத்த சி.டி. ஸ்கேன் யந்திரத்தால் ஒரு நோயாளியின் மூளையை முதன்முதலாகப் படம் பிடித்தபொழுது, ஒவ்வொரு குறுக்குவெட்டுக்கும் நிமிஷக் கணக்கில் நேரம் சென்றது. ஆயினும் பங்கமொன்றும் நேரவில்லை, தலையை அசையாமல் பிடித்துவைத்தால் மூளையும் அசையாதிருக்கும். இருதயமோ எவர் சொல்லுக்கும் நிற்பதில்லை.

நில்லாத அந்த உறுப்பு தானாக அடங்கும் கணத்தை அறிவிக்கவல்ல கருவி, ஹௌன்ஸ்ஃபீல்டு பிறக்குமுன்பே ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் உருவாகிவிட்டது. உப்பு நீர் நிறைந்த ஜாடிகளில் நோயாளியின் கைகளையும் காலையும் அமிழ்த்தி, இருதயத்தின் அற்ப மின்சாரத்தை ஒரு மெல்லிய இழையின் அசைவாகப் பதிவுசெய்த வில்லெம் ஐந்தோவன், அந்தக் கோட்டின் ஏற்ற இறக்கங்களுக்குச் சூட்டிய எழுத்துகளுள் ஆர் என்பது, கீழறைகள் சுருங்கத் தொடங்குவதைக் காட்டும் உயர்ந்த சிகரம். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பின்னாளில், எக்ஸ்ரே குழாயைச் சுழற்றாமல் எலெக்ட்ரான் கற்றையை மட்டும் டங்ஸ்டன் வளையத்தின்மீது வீசி, வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் படமெடுக்கும் யந்திரம் வந்தது. அதைக்கொண்டு, மயாமி பீச் நகரில் ஆர்தர் அகாட்ஸ்டனும் வாரன் ஜானோவிட்ஸும் இருதய இரத்தக்குழாய்ச் சுவர்களில் படியும் சுண்ணாம்பை எண்ணால் அளக்கும் முறையை 1990-இல் வெளியிட்டனர். ஹௌன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்கும் அடர்த்தி அளவில் 130-ஐ எட்டும் புள்ளியே கணக்கில் சேரும். அதன் பரப்பை, உச்ச அடர்த்தி 200-க்குக் கீழிருந்தால் ஒன்றாலும், 300-க்குக் கீழிருந்தால் இரண்டாலும், 400-க்குக் கீழிருந்தால் மூன்றாலும், அதற்கு மேற்பட்டால் நான்காலும் பெருக்குவார்கள்.

அடர்த்தி 310 உள்ள 4 சதுர மில்லிமீட்டர்ப் புள்ளிக்கு மதிப்பெண் 12. இருதயம் அசைந்ததனால் அதே புள்ளி மங்கி 290 ஆகிவிட்டால், பரப்பு மாறவில்லையென்றே வைத்துக்கொண்டாலும், மதிப்பெண் 8 ஆகிவிடுகிறது. நோயில் மாறுதல் யாதொன்றும் இல்லாமலே, ஒரே மனிதருக்கு இரண்டு தடவை எடுத்த கணக்கு இரண்டு விதமாக வருவதன் சூக்ஷ்மம் இதுவே.

ஆகவே படமெடுக்கும் தருணமே பிரதானமாயிற்று. ஓர் ஆர் சிகரத்துக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலத்தில் 80 சதவீதம் கடந்ததும் படமெடுப்பது நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. ஆனால் ஏறக்குறைய அந்தத் தருணத்தில்தான் மேலறைகள் சுருங்குகின்றன. அவற்றுக்கும் கீழறைகளுக்கும் இடையே பள்ளத்தில் ஓடும் வலது இரத்தக்குழாய் அப்பொழுது வேகமாக நகர்வதால், வட்டமாகத் தெரியவேண்டிய புள்ளி வால் முளைத்ததுபோல் படத்தில் நீண்டது. நாடி வேகப்பட வேகப்பட இருதயத்தின் ஓய்வு வேளையே முதலில் குறுகுவதால், எல்லோருக்கும் ஒரே சதவீதம் பொருந்தவுமில்லை. பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் தருணத்தை முன்னுக்குத் தள்ளி, நாடியின் வேகத்துக்கேற்ப 40, 50 சதவீதங்களை ஒட்டிப் படமெடுத்து, இரண்டு ஸ்கேன்களுக்கிடையே உண்டாகும் வேற்றுமையைக் குறைத்தார்கள்.

இன்று ஸ்கேன் அறையில் உப்பு நீர் ஜாடி இல்லை. மார்பில் ஒட்டும் சிறு வில்லைகள் அதன் வேலையைச் செய்கின்றன. மூச்சை அடக்கும்படி நோயாளிக்குச் சொல்லிவிட்டு, யந்திரம் மட்டும் அடுத்த ஆர் சிகரத்துக்காகக் காத்திருக்கிறது.