ஒரு செடி, இரண்டு சட்டம்

ஹோலிப் பண்டிகையன்று காசியில் அண்டை வீட்டார் அன்புடன் அளிக்கும் தண்டாயில் 'பாங்' கலந்திருப்பதுண்டு. கஞ்சாவைப் புகைப்பது குற்றம்; அதே செடியின் இலையாகிய பாங் மட்டும் அரசு உரிமம் பெற்ற கடையில் விற்கப்படுவானேன்?

பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் எழுந்த கேள்வியின் விளைவாக, 1893-இல் மாக்வொர்த் யங் தலைமையில் ஒரு கமிஷன் அமைந்தது. உறுப்பினர் எழுவரில் மூவர் இந்தியர். 1,193 சாட்சிகளை விசாரித்த அக்கமிஷன், அளவான பழக்கத்தால் பெருந்தீங்கில்லை, மிகையே கேடு என்று கண்டது. முழுத்தடை விதித்தால் மக்கள் இதனினும் கொடிய போதைகளை நாடக்கூடும் என அஞ்சி, வரியாலும் உரிமத்தாலும் அடக்கி வைப்பதே உசிதம் என்று 1894-இல் முடிவுரைத்தது.

1961-இல் உலக நாடுகள் செய்த உடன்படிக்கை கஞ்சாவைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. ஆயினும், பூங்கதிர் சேராத தனி இலை கஞ்சா என்னும் வரையறைக்குள் வரவில்லை. நமது 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும் அவ்வாறே வகுத்தது. கஞ்சா உட்கொள்வோருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. தனி இலையோ மாநிலங்களின் பொறுப்பில் நின்றது.

உத்தரப் பிரதேசம் உரிமம் வழங்குகிறது. தமிழ்நாட்டின் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டமோ பாங்கையும் விலக்குகிறது. விடுமுறைக்கு ஊர் திரும்பும் அன்பர்கள், பெட்டி கட்டும்போது இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்வது நலம்.