சாச்சா வாசித்துக் காட்டிய வாக்குமூலம்

1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபின், கிழக்கிலும் பொலிஸ் முறைப்பாடுகள் பெரும்பாலும் சிங்களத்திலேயே பதியப்பட்டன. தமக்கு விளங்காத எழுத்தின் கீழ் எம்மவர்கள் கைநாட்டு வைத்தார்கள்.

எனது சாச்சா அங்கே பொலிஸ் சார்ஜன்ட்டாக இருந்தவர். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் எவரிடமும் ஒப்பம் வாங்கமாட்டார். ஒருமுறை, வரப்புச் சண்டையில் அடிபட்ட விவசாயியையே அடித்தவராக வேறொருவர் எழுதியிருந்தார். வாசிக்கையில் அது தெரியவந்தது. சாச்சா திருத்துவித்தார், மேலதிகாரியிடம் ஏச்சும் வாங்கினார்.

1987 இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார்.

அவரது ஜனாஸாவுக்கு அந்த விவசாயி வந்திருந்தார். “எண்ட வாக்குமூலத்த எனக்கு வாசிச்சுக் காட்டின மனுசன்” என்றார். சட்டம் 31 வருடம் கழித்து ஏற்றுக்கொண்டதைச் சாச்சா தன் மேசையில் தினமும் செய்துவந்தார் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.