பல்லாங்குழிப் பலகையும் கணபதி பட்டறையும்

எங்க அப்பத்தா வச்சிருந்த பல்லாங்குழிப் பலகை போன மாசம் மச்சுல கெடந்து கெடச்சுதுங்க. பூவரச மரம். வரிசைக்கு ஏழா 14 குழி, நடுவுல கீல் போட்டு மடிக்கிற மாதிரி. கீல் பக்கம் பூரா கரையான் தின்னு போச்சு. குழிக மட்டும் விரல் பட்டுப் பட்டு கண்ணாடியாட்டம் இருக்குது.

செஞ்சது எங்க ஊரு ஆசாரி. இதுக்குன்னு தனிக்கூலி கெடையாது. வருசம் பூரா கலப்பை, நுகத்தடி, வண்டிச் சக்கரம், கவலை உருளைன்னு செய்வாரு. அறுப்பு முடிஞ்சா களத்துல கம்போ சோளமோ வள்ளத்துல அளந்து போடுவாங்க. மிஞ்சுன மரத்துல புள்ளைங்களுக்கு நடைவண்டி, பொம்பளைங்களுக்குப் பல்லாங்குழி. சிவராத்திரிக்கு கண்ணு முழிக்க அதுதான் துணை. குழிக்கு அஞ்சுன்னா 70 புளியங்கொட்டை வேணும். குழியச் செங்குத்தா குடையக்கூடாது. ஓரம் சரிவா இருந்தாத்தான் ஒரே அள்ளுல அஞ்சு கொட்டையும் கைக்கு வரும்.

மைசூர்ல மும்மடி கிருஷ்ணராஜ உடையாருன்னு ஒரு ராஜா, 1868ல செத்தவரு. பலகை ஆட்டத்துல அவ்வளவு பிரியம். அவரு உண்டாக்குன ஆட்டங்களுக்கு இன்னைக்கும் எழுத்து இருக்குது. எங்க ஆசாரி வேலைக்கு எழுத்து இல்லை, இந்தப் பலகைதான் இருக்குது.

1932ல பைக்காரா கரண்ட் வந்துது. மில்லு, பவுண்டரி, பம்புசெட்டுன்னு கோயமுத்தூர் மாறுச்சு. கெணத்துக்கு மோட்டார் வந்ததும் கவலை போச்சு, ஆசாரிக்கு உருளை வேலையும் போச்சு. ஆனா அந்த பம்பை வார்க்கிறதுக்கு முன்னால மரத்துல அச்சு செய்யோணுமுங்க. அதைத்தான் பேட்டர்ன்னு சொல்றாங்க. கலப்பை வேலை மிஞ்சியிருந்துது. 1990 வாக்குல ஊரே வாடகை டிராக்டருக்கு மாறுனப்ப நானும் மாறுனேன். களத்துல அளந்து போடறது அதோட நின்னுது. ஆசாரி மகன் கணபதிக்கு பேட்டர்ன் வேலைக்குப் போயிட்டாரு.

பலகைய எடுத்துக்கிட்டு அவரு பட்டறைக்குப் போனேன். என்னைவிட ரெண்டு வயசு மூத்தவரு. குழிக்குள்ள கட்டைவிரல வச்சு ஒரு சுத்து சுத்துனாரு. "எங்க தாத்தா வேலைங்க"ன்னாரு. பொறவு ஒரு பம்பு பேட்டர்னை எடுத்துக் காட்டுனாரு. அதுலயும் ஓரம் சரிவு. மண்ணு ஒடையாம அச்சு மேல வர்றதுக்காம். இரும்பு ஆறுனா சுருங்கும், அதனால அடிக்கு அரைக்கால் இஞ்சு பெருசா செய்யோணுமாம். அதுக்குன்னே தனி ஸ்கேல் வச்சிருக்காரு. இப்ப அதையும் கம்ப்யூட்டர் மிஷினே வெட்டுது, கையில செய்யற வேலை வாரத்துக்கு ரெண்டு வந்தா பெருசுன்னாரு.

கீல் பக்கம் வெட்டி எடுத்துட்டு, பூவரசங் கட்டையே தேடிப் புடிச்சு ஒட்டுப் போட்டுக் குடுத்தாரு. ஒட்டு தெரியவே இல்லை.

"எவ்வளவுங்ணா?"

"களம் அடிச்சா ஒரு வள்ளம் கம்பு போடுங்க"ன்னு சிரிச்சாரு.

நாங்க கம்பு வெதைச்சு இருவது வருசமாச்சுங்க. இருக்கறது பூரா தென்னை. ஆடிப்பட்டத்துல கெணத்தோரம் பத்து சென்ட்ல போடலாம்னு வெதை விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்.