மாட்டுவண்டி முதல் மொபைல் வரை

அப்பாவுக்கு மூட்டுவலி. கிளை நூலகத்துக்கு நடந்து போறது நின்னு ஒரு வருஷம் ஆச்சு. தினம் சாயங்காலம் நாலு மணிக்கு செருப்பை மாட்டற மனுஷன், ஜன்னலோரமா சும்மா உட்கார்ந்திருக்கறதைப் பார்க்க கஷ்டமா இருந்தது. புத்தகத்துகிட்ட ஆள் போக முடியலைன்னா என்ன பண்றது?

இதுக்கு 1931லயே மன்னார்குடியில ஒருத்தர் வழி கண்டுபிடிச்சிட்டார். கனகசபைப் பிள்ளை, ஓய்வுபெற்ற பொறியாளர் (நம்ம இனம்தான் :-)). மாட்டுவண்டியையே நூலகமா வடிவமைச்சு, கிராமங்களுக்குப் புத்தகம் அனுப்பினார். அந்த வருஷம் அக்டோபர்ல மேலவாசல்ல வண்டி ஓட்டம் ஆரம்பம். சென்னைப் பல்கலைக்கழக நூலகரா இருந்த சீர்காழிக்காரர் ரங்கநாதன், நூலகத்துறைக்கான தன்னோட ஐந்து விதிகளைப் புத்தகமா வெளியிட்டதும் அதே 1931லதான். படிக்கறவனுக்காகத்தான் நூலகம்ங்கறதுதான் அவர் சொன்னதோட சாரம்.

மாட்டுவண்டி வேலையை மொபைல் கையில் எடுக்கறதுக்கு முன்னாடியே தமிழ்ப் புத்தகங்கள் தயாரா இருந்தன. 1998 பொங்கலன்று முனைவர் கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாட்டுத் தன்னார்வலர்கள் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்து இலக்கியங்களை இணையத்தில் ஏற்றினார்கள்.

ஆனா போன்ல திறந்தா? கட்டம் கட்டமா தெரியும்!

எழுத்துரு இல்லைங்கறது பாதிக் காரணம்தான். யூனிகோடில் 'கெ' என்பது முதலில் 'க', பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னாடி கொண்டுவர தனியா ஒரு மென்பொருள் வேணும். அது அந்தக்கால போன்களில் கிடையாது. 2010 வாக்குல, நான் ஸ்கூல் படிக்கறப்ப, மாமா பையன் ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தான். ஓபரா மினி உலாவியின் ரகசிய செட்டிங்ல பிட்மேப் எழுத்துருன்னு ஒரு வரி இருக்கும். அதை 'யெஸ்' ஆக்கிட்டா, தமிழ் எழுத்தைப் படமா மாத்தி சர்வரே அனுப்பிடும். அப்பாவோட பட்டன் போன்ல முதல்முதலா தமிழ் தெரிஞ்சப்போ கத்தியே விட்டேன்!

அப்புறம் போன்களே தமிழ் கத்துக்கிட்டன. 2013ல் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் வந்தது. ஈபப், மோபி, ஆறு இன்ச் பிடிஎஃப் என்று விதவிதமாக இலவச மின்னூல்கள். பிடிஎஃப்ல பக்கம் அச்சடிச்ச மாதிரி நிக்கும். ஈபப்ல எழுத்தைப் பெரிசாக்கினா வரிகள் தானா மடங்கிக்கும். வயசான கண்ணுக்கு இதைவிட வேறென்ன வேணும்?

போன மாசம் அப்பா போன்ல அதைப் போட்டுக் கொடுத்தேன். "இன்னும் கொஞ்சம் பெரிசாக்குடா"ன்னு மூணு தடவை சொன்னார். பத்து நாள்ல ரெண்டு புத்தகம் முடிச்சார்.

பெருமையா, "எப்படிப்பா இருக்கு?"ன்னு கேட்டேன்.

"புத்தகம் வந்துடுச்சுடா. பேப்பர் படிக்க வர்றவங்க யாரும் வரலையே."

எனக்குப் பேச்சு வரலை. மாட்டுவண்டி ஊருக்குள்ள வந்து நின்னா நாலு பேராவது கூடியிருப்பாங்க. போன்ல நூலகம் வருது, படிக்கறவர் மட்டும் தனியா உட்கார்ந்திருக்கார். பொறியாளரான எனக்கு இது தோணவே இல்லை.

இப்போ சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு என் ஸ்கூட்டர்தான் நடமாடும் நூலகம். சின்ன வித்தியாசம், புத்தகத்தை இல்லை, வாசகரை ஏத்திக்கிட்டுப் போகுது :-)

உங்க போன்ல முதல்ல தமிழ் தெரிஞ்சது எப்போ? சொல்லிட்டுப் போங்க மக்களே.